முதல் ஆளாக இறங்கியவன்

சம்பந்தி வீட்டாரை முதன்முதலாகச் சந்திக்கப் போன அன்று நான் மூன்று சட்டைகளை மாற்றினேன். என் மனைவி கும்ஜா கண்ணாடி முன்னால் நின்றபடியே திரும்பிப் பார்த்து, "கல்யாணம் நம்ம பொண்ணு சோதாமுக்கா, உங்களுக்கா?" என்றாள். நானும் சிரித்துவைத்தேன். மாப்பிள்ளையின் அப்பா பெயர் ஓக் ஜோங்பில் என்று எங்கள் மகள் சொன்ன நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை என்பது அவளுக்குத் தெரியாது.

கோஜே தீவில் கப்பல் கட்டும் தளத்தோடு ஏதோ ஒரு வகையில் ஒட்டிக்கொள்ளாத குடும்பம் குறைவு. நான் அங்கே ஒரு துணை ஒப்பந்தக் குழுவில் பத்தொன்பது வருஷம் வெல்டர்களுக்கு மேஸ்திரியாக இருந்தேன். என்னிடம் பதினோரு வருஷம் வேலை செய்தவன் ஜோங்பில். 2016-ல் கப்பல் ஆர்டர்கள் குறைந்து குழுவே கலைந்தபோது அவன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் போனோம். அதற்குப் பிறகு சந்தைத் தெருவில் ஒருமுறை அவனைத் தூரத்தில் பார்த்தேன். சின்னச் சின்ன அடியாக எடுத்துவைத்து நடந்துகொண்டிருந்தான். குடித்திருக்கிறான் என்று நினைத்து வேறு சந்தில் திரும்பிவிட்டேன்.

என் மகள் சோதாம், கோஹ்யோன் பகுதியில் ஓர் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். நடக்கப் பழக்க வேண்டிய நோயாளிகள் அவளிடம் வருவார்கள். அப்படி வந்தவர்களில் ஒருவன்தான் ஜோங்பில். வாரத்துக்கு இரண்டு முறை அவனைக் கைத்தாங்கலாக அழைத்துவந்த மகன் இன்ஹோ. ஒரு வருஷத்தில் இரண்டு இளசுகளும் பேசி முடித்துவிட்டார்கள். நோயாளியின் விஷயத்தை வீட்டில் பேசக் கூடாது என்று அதுவரை பெயரைச் சொல்லாமல் இருந்தவள், கல்யாணப் பேச்சு வந்த அன்று மலர்ந்த முகத்தோடு சொன்னாள்.

"அவருக்கு உங்க மேல எவ்வளவு பாசம் தெரியுமாப்பா? நாள் முழுக்க வாயே தெறக்க மாட்டார். உங்க பேச்ச எடுத்தா மட்டும் ரெண்டு வார்த்த வரும்."

"நல்ல கைக்காரன்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்துபோனேன்.

சந்திப்பு ஒரு மீன் உணவகத்தில், மதிய நேரத்தில், தனி அறையில். நவம்பர் பிறந்து சிப்பி உடைக்கும் காலம் தொடங்கியிருந்தது. ஜோங்பில்லின் மனைவி கியேசுன் சிப்பிக் கொட்டகையில் ஒரு நாள் விடுப்பு சொல்லிவிட்டு வந்திருந்தாள். கத்தி பட்ட விரல்களில் தோல்நிற பிளாஸ்திரிகள். அவளுக்குப் பின்னால் மகனின் தோளைப் பிடித்தபடி ஜோங்பில். அறை வாசலில் செருப்பைக் கழற்றியவன் நிலைப்படிக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டான். பாதங்களைத் தரையில் பசை போட்டு ஒட்டியதுபோல. உடம்பு முன்னால் வரப் பார்க்கிறது, கால் வரவில்லை. சோதாம் ஓடிப்போய்த் தன் பாதத்தை அவன் கால்களுக்கு முன்னால் குறுக்கே வைத்து, "இதத் தாண்டுங்க மாமா" என்றாள். அவன் அந்தப் பாதத்தைத் தாண்டினான். தாண்டியதும் நடை வந்துவிட்டது. கும்ஜா இதை வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் முகத்தைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. ஜோங்பில் எப்படிச் சிரிப்பான் என்பது எனக்குத் தெரியும். கண் இரண்டும் காணாமல் போய்விடும். இப்போது அந்த முகம் இஸ்திரி போட்ட துணிபோல இருந்தது. சுருக்கமில்லை, அசைவில்லை, இமைகூட எப்போதாவதுதான் மூடித் திறந்தது.

"மேஸ்திரி அண்ணே" என்று குனிந்து வணங்கினான். குரல் எங்கோ அடியிலிருந்து வந்தது.

பதற்றத்தில் அதிகம் பேசுகிறவர்கள் உண்டு. கியேசுன் அந்த வகை. மாப்பிள்ளையின் பிடிவாதத்தைச் சொல்லத் தொடங்கி, அது அப்பாவின் பிடிவாதம் என்று போய், கடைசியில் வெள்ளிக்கிழமைக்கு வந்து நின்றாள். "எங்க வீட்டுல வெள்ளிக்கிழமைன்னா பன்னிக்கறிதான். மாத்திரைய மறந்தாலும் அத மறக்க மாட்டாரு. கொழுப்பு உள்ள போனா தூசியெல்லாம் வழுக்கிக்கிட்டு எறங்கிடும்னு மேஸ்திரி சொல்லியிருக்காராம். வேலைய விட்டே ஏழு வருஷமாச்சு, இன்னும் எந்தத் தூசி எறங்கணுமோ."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அது நான் கண்டுபிடித்த வைத்தியமில்லை. எனக்கு என் மேஸ்திரி சொன்னார். தளத்தில் எல்லோரும் சொல்வதுதான். வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் என் ஆட்களைக் கூட்டிக்கொண்டுபோய்க் கொழுத்த பன்றி வயிற்றுக்கறியைச் சுட்டு, சோஜு சாராயத்தை ஊற்றிக்கொடுத்து, "நல்லா முழுங்குங்கடா, தொண்ட கழுவட்டும்" என்பேன். என் ஆட்களை நன்றாகக் கவனித்துக்கொள்கிற மேஸ்திரி என்று எனக்கே என்மேல் ஒரு மதிப்பு.

கும்ஜாதான் கேட்டாள், மெல்ல, மரியாதையாக: இது என்ன நோய், எப்படி வந்தது என்று.

இன்ஹோ பதில் சொன்னான். பூசானில் உள்ள டாக்டர், இது வெல்டிங் புகையிலிருக்கும் மாங்கனீசால் வந்ததாக இருக்கலாம் என்கிறாராம். இருக்கலாம், அவ்வளவுதான். சாதாரண நடுக்க நோயாகவும் இருக்கலாம், ஆனால் அதற்குக் கொடுக்கிற மாத்திரை அப்பாவுக்குச் சரியாகக் கேட்கவில்லை. உலோகம் உருகி ஆவியாகி உறையும்போது வரும் துகள், முடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காதாம். அது தொண்டைக்கும் வயிற்றுக்கும் மட்டும் போவதில்லை. மூக்கின் உச்சியில் வாசனை அறியும் நரம்பைப் பிடித்துக்கொண்டு நேராக மூளைக்கே ஏறிவிடக்கூடும். எலிகளில் பார்த்திருக்கிறார்கள், மனிதர்களில் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வேலையில் இருக்கும்போதே ஸ்கேன் எடுத்திருந்தால் மூளையின் நடுவில் வெள்ளையாகத் தெரிந்திருக்குமாம். வேலையை விட்டு வருஷக்கணக்காகிவிட்டால் அந்த வெள்ளை மறைந்துவிடும், கோளாறு மட்டும் நிற்கும்.

நாங்கள் கீழே கழுவிக்கொண்டிருந்தோம். அது மேலே ஏறிக்கொண்டிருந்தது.

"தொழில் நோய்னு நஷ்டஈட்டு ஆபீஸ்ல விண்ணப்பம் போட்டோம். திருப்பி அனுப்பிட்டாங்க" என்றான் இன்ஹோ. "குழுவோட தினசரித் தாள் எல்லாத்துலயும் புகைய இழுக்கற காத்துக்குழாய் ஓடிச்சு, முகமூடி சரின்னுதான் இருக்கு. பதினோரு வருஷத்துல ஒரு நாள்கூடத் தவறல." பிறகு என்னைப் பார்த்தான். குற்றம் சாட்டும் பார்வை இல்லை. பெரியவர்களிடம் ஒரு விவரம் கேட்கும் பார்வை. "நீங்க கையெழுத்துப் போட்ட தாள்தான் ஐயா. அப்போ காத்து ஓடிக்கிட்டுதானே இருந்துச்சு?"

என் மகள் என்னைப் பார்த்தாள். கும்ஜா பார்த்தாள்.

"ஓடிச்சு" என்றேன்.

மேஜைமேல் ஜோங்பில்லின் வலது கட்டைவிரல் ஆள்காட்டி விரலை உருட்டி உருட்டித் தேய்த்துக்கொண்டிருந்தது. காற்று ஓடவில்லை என்பது அந்த அறையில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவன் நான்.

"ஆமா" என்றான் ஜோங்பில். "ஓடிச்சு."

நான் தட்டிலிருந்த மீன் துண்டைக் குச்சிகளால் எடுத்தேன், கீழே விழுந்தது, மறுபடி எடுத்தேன்.

வீடு திரும்பும் வழியிலேயே கும்ஜா ஆரம்பித்துவிட்டாள். அவள் கெட்டவள் இல்லை. கணக்கு அவளுக்கு அப்படித்தான் வந்தது. "காத்து ஓடிச்சுன்னா இது வேலையில வந்ததில்ல. அப்ப ரத்தத்துல வந்தது. நாளைக்கு அந்தப் பையனுக்கும் வரும், பொறக்கப்போற குழந்தைக்கும் வரும். நிலைப்படி தாண்ட முடியாத பேரன எனக்குப் பெத்துத் தரப் போறியா?"

பின் இருக்கையிலிருந்து சோதாம் ஏதேதோ சொல்லிப் பார்த்தாள். ரத்தத்தில் வருவது மிகக் குறைவு, டாக்டரே மாங்கனீசு என்றுதானே சொல்கிறார் என்று. கும்ஜா, "இருக்கலாம்னுதானே சொல்றாரு, உங்க அப்பாவே காத்து ஓடிச்சுன்னு சொல்லும்போது?" என்று ஒரே வரியில் முடித்தாள். வீட்டுக்கு வந்ததும் மகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அடுத்த மூன்று நாளும் காலையில் எங்கள் முகத்தைப் பார்க்காமலேயே வேலைக்குப் போனாள். கும்ஜா வாரக் கடைசியில் கியேசுனைக் கூப்பிட்டு நாசூக்காகச் சொல்லிவிடப் போவதாக என்னிடம் சொன்னாள்.

ஒரு வார்த்தையில் நான் அதை நிறுத்தியிருக்க முடியும். அந்த வார்த்தையைச் சொன்னால் என் மகள் என்னைப் பார்க்கும் பார்வை என்ன ஆகும் என்று யோசித்தே மூன்று நாளையும் கழித்தேன்.

காற்று ஏன் ஓடவில்லை என்று சொல்லிவிடுகிறேன். கப்பலின் அடித்தளத்தில் இரண்டு தகடுகளுக்கு நடுவே அறை அறையாகத் தொட்டிகள் இருக்கும். ஆள் நுழையும் துளை வழியாக உடம்பைச் சுருக்கி உள்ளே போக வேண்டும். நிமிர முடியாது. உள்ளே புகை சேராமல் இருக்கப் பெரிய குழாய் வழியாகக் காற்று இழுப்பார்கள். ஆனால் எங்கள் வெல்டிங்கில் உருகும் இரும்பைச் சுற்றி ஒரு வாயு போர்வைபோல நிற்க வேண்டும். காற்று வீசினால் போர்வை கலைந்து, தகடுகளை ஒட்டவைக்கும் உருக்குத் தையலில் பொட்டுப் பொட்டாக ஓட்டை விழும். எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பவன் சரியில்லை என்று தள்ளிவிடுவான். தோண்டி எடுத்து மறுபடி போட வேண்டும், நாள் தவறும், குழுவுக்குக் கெட்ட பெயர். அதனால் எல்லா மேஸ்திரிகளும் செய்ததை நானும் செய்தேன். தையல் போடும் நேரத்தில் காற்றை நிறுத்தச் சொன்னேன். தினசரித் தாள்களை மாதக் கடைசியில் கன்டெய்னர் ஆபீசில் உட்கார்ந்து மொத்தமாகக் கையெழுத்துப் போட்டுத் தள்ளினேன்.

இது ஊரறிந்த தவறு. நான் மட்டும் செய்ததல்ல என்று என்னையே நான் தேற்றிக்கொள்ளலாம். என்னைச் சாப்பிட விடாமல் செய்தது இதுவல்ல.

2010 டிசம்பர், வருஷக் கடைசி விருந்து. வழக்கமான பன்றிக்கறிக் கடைதான். அன்று ஒருவன் குறும்புக்காக நன்றாக ஊறிப் புளித்த திருக்கை மீனைக் கொண்டுவந்திருந்தான். பழகாதவன் மூக்கருகே கொண்டுபோனாலே கண்ணில் நீர் கொட்டும். கழிவறை நாற்றம். ஜோங்பில் எழுந்து போன நேரத்தில் கறியைச் சுருட்டிச் சாப்பிடும் அவனுடைய கீரை இலைக்குள் கறியோடு சேர்த்து அதைத் தாராளமாக வைத்து மடித்துவிட்டார்கள். வந்து உட்கார்ந்தவன் அதை வாயில் போட்டு மென்றான். பேச்சை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான். முழு மேஜையும் அவன் வாயையே பார்க்கிறது, அவன் சாவகாசமாக மெல்கிறான்.

"மூக்கு அவனுக்கு முகத்துல அழகுக்கு வச்சதுடா" என்றான் ஒருவன். "இனிமே குசு விடுறவன் எல்லாம் ஜோங்பில் பக்கத்துல உக்காருங்க" என்றான் இன்னொருவன். ஜோங்பில்லும் கண் காணாமல் போகச் சிரித்தான். சளி என்றான். கொஞ்ச நாளாகவே எதுவும் தெரியவில்லை, சரியாகிவிடும் என்றான்.

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே ஒன்றைக் குறித்துக்கொண்டேன்.

அடுத்த திங்கட்கிழமை ஒரு தொட்டியில் வேலை. உள்ளே பெயின்ட் வாடையும் எரிந்த எண்ணெய் வாடையும் கலந்து நின்றது. இறங்கிய இரண்டு பேர் வாந்தி எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். நான் ஜோங்பில்லைக் கூப்பிட்டேன். அவன் இறங்கினான், முணுமுணுக்காமல் வேலையை முடித்தான். அன்றிலிருந்து எந்தத் தொட்டி மோசமோ அதில் முதல் ஆளாக இறங்குபவன் அவன்தான். வாசனை தெரியாதவனுக்கு என்ன கஷ்டம் என்று நினைத்தேன். நல்ல யோசனை கிடைத்த திருப்தியோடு நினைத்தேன். ஆறு வருஷம்.

வீட்டில் அந்த மூன்று நாள் கழிந்து வந்த வெள்ளிக்கிழமை பிற்பகல் ஜோங்பில் வீட்டுக்குப் போனேன். கியேசுன் கொட்டகையில் இருப்பாள், இன்ஹோ வேலையில் இருப்பான் என்று தெரிந்துதான் போனேன். மணியடித்து வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. வாசலுக்கு வருவதற்கே அவனுக்கு அவ்வளவு நேரம்.

அடியில் சூடேற்றிய தரையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். அவன் எனக்கு பார்லித் தண்ணீர் ஊற்றப் பார்த்தான், பாதி மேஜையில் கொட்டியது. துடைக்கப் போன என் கையை அவன் தடுத்தான்.

"ஏன்டா ஓடிச்சுன்னு சொன்ன?" என்றேன்.

"நீங்க சொன்னீங்க." சற்று நிறுத்தி, "பொண்ணு முன்னாடி" என்றான்.

நஷ்டஈட்டு அலுவலகத்தில் கேட்டபோதும் அவன் அதையேதான் சொல்லியிருக்கிறான். தாளில் இருப்பது சரிதானா என்றால் சரிதான் என்று. மேஸ்திரி பெயர் கெட்டுப்போகும் என்று. வேலையை விட்ட பிறகும் நான் அவனுக்கு மேஸ்திரி.

காற்று ஓடவில்லை என்று எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்றேன். வேண்டாம் என்றான். கல்யாணம் முடியட்டும் என்றான். கல்யாணமே நின்றுவிடும்போல இருப்பதை அவனிடம் எப்படிச் சொல்வது? நான் அந்த மற்ற விஷயத்துக்கு வர முயன்றுகொண்டிருந்தேன். வாய் வரைக்கும் வந்துவிட்டது. அப்போது அவனே பேசினான். நடுவில் நடுவில் எச்சிலை விழுங்கிக்கொண்டு பேசினான்.

"ஆபீஸ்காரன் கேட்டான் அண்ணே. இருபது பேர் இருக்கும்போது ஏன் எப்பவும் நீயே மொதல்ல எறங்கினன்னு. என் கை அப்படின்னு சொன்னேன். மேஸ்திரி கஷ்டமான தையல வேற யாருக்கும் தர மாட்டாருன்னு. அவன் சிரிச்சான். அவனுக்கு என்ன தெரியும்."

நான் எழுந்துவிட்டேன். அவசர வேலை என்று ஏதோ சொல்லிவிட்டு, செருப்பை மாற்றி மாட்டிக்கொண்டு படியிறங்கினேன்.

இன்ஹோ அமர்த்தியிருந்த தொழிலாளர் சட்ட ஆலோசகர் முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும் ஒரு பெண். மறுநாள் காலை அவள் அலுவலகத்தில் உட்கார்ந்து காற்றுக்குழாய் விஷயத்தை முழுக்கச் சொன்னேன். அவள் தட்டச்சு செய்துகொண்டே கேட்டாள். முடித்ததும், இது உதவும், ஆனால் போதாது என்றாள். சம்பந்தியாகப் போகிறவருக்காக இப்போது வந்து மாற்றிச் சொல்கிறார் என்பார்கள். நடுக்கம் தொடங்கியது 2019-ல், வேலையை விட்ட பிறகு. வேலையில் இருக்கும்போதே ஏதாவது அறிகுறி இருந்ததா என்பதுதான் கேள்வி. பெரும்பாலும் வாசனைதான் முதலில் போகும் என்று டாக்டர் சொல்கிறார். வீட்டம்மாவுக்கு எந்த வருஷம் என்று சொல்லத் தெரியவில்லை. அவருக்கும் நினைவில்லை.

"உங்க குழுவுல இருந்தப்போ அவருக்கு வாசனை தெரியலங்கறத யாராவது கவனிச்சாங்களா?"

அவள் அறையில் ஒரு சின்ன ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

"நான் கவனிச்சேன்" என்றேன்.

திருக்கை மீனைச் சொன்னேன். தேதியைச் சொன்னேன். அன்று மேஜையில் இருந்த நான்கு பேர் பெயரைச் சொன்னேன். அவள் வேகமாகத் தட்டினாள். அவள் குரலில் ஒரு உற்சாகம் வந்துவிட்டது. இதுதான் வேண்டியிருந்தது என்றாள்.

"அதுக்கப்புறம் அவர மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பினீங்களா? வேற வேலைக்கு மாத்தினீங்களா?"

"இல்ல."

"பின்ன?"

சொன்னேன். அவள் விரல்கள் நின்றன. என்னைப் பார்க்கவில்லை, திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மறுபடி தட்டச்சு செய்தாள், முன்னைவிட மெதுவாக. அச்செடுத்து என் முன்னால் வைத்து, படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள் என்றாள். பத்தொன்பது வருஷம் படிக்காமல் போட்ட கையெழுத்து. அன்றுதான் படித்துவிட்டுப் போட்டேன். மூன்று பக்கம்.

விண்ணப்பதாரர் இதைப் படித்து ஒப்புக்கொண்டு கையெழுத்திட்ட பிறகே அனுப்ப முடியும், தபாலில் அனுப்பட்டுமா என்று கேட்டாள். நானே கொண்டுபோகிறேன் என்றேன்.

ஞாயிறு மதியம் கும்ஜாவையும் சோதாமையும் அழைத்துக்கொண்டு ஜோங்பில் வீட்டுக்குப் போனேன். கும்ஜா கல்யாணத்தை நிறுத்தத்தான் போகிறோம் என்று நினைத்து ஒரு பேரிக்காய்ப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு விறைப்பாக வந்தாள். சோதாம் என்ன நினைத்தாள் என்று தெரியவில்லை. நான் காரில் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். கடைசி நிமிஷம் வரைக்கும் அவள் என்னைப் பழைய அப்பாவாகவே பார்க்கட்டும் என்ற ஆசை.

ஜோங்பில்லுக்கு எழுத்து அலைகிறது என்பதால் இன்ஹோ உரக்கப் படித்தான். காற்றுக்குழாய்ப் பகுதியில் கும்ஜா என்னைத் திரும்பிப் பார்த்தாள். கழுத்திலிருந்து காது வரை சிவந்துபோய்ப் பெட்டியை மெல்லத் தரையில் வைத்தாள். ரத்தம், பேரன் என்று அவள் பேசியதெல்லாம் என் பொய்மேல் நின்று பேசியது. அது அவளுக்குப் புரிந்த நேரம் அது. திருக்கை மீன் வந்தது. இன்ஹோவின் குரல் தடுமாறத் தொடங்கியது. 'அவருக்கு வாசனை தெரியாது என்பதால் மற்றவர்கள் தாங்க முடியாத தொட்டிகளுக்கு அவரை முதலில் அனுப்பினேன்' என்ற வரியில் நின்றுவிட்டான். சோதாம் தாளை அவன் கையிலிருந்து வாங்கி மீதியைப் படித்தாள். நோயாளிகளிடம் பேசும் குரலில், ஏற்ற இறக்கம் இல்லாமல், என் கையெழுத்து வரைக்கும் படித்தாள்.

கியேசுன் எழுந்து சமையலறைக்குப் போனாள். தண்ணீர் திறந்துவிடும் சத்தம் கேட்டது, பாத்திரச் சத்தம் கேட்கவில்லை. திரும்பி வந்து கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். அவள் பார்த்தது என்னை அல்ல, புருஷனை.

"புளிச்சுப்போன கொழம்ப வச்சாலும் பேசாம சாப்பிடுவாரு. எம்மேல பிரியத்துலன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றாள்.

ஜோங்பில் இமைக்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். கட்டைவிரல் உருண்டுகொண்டே இருந்தது.

"அப்ப என் கைக்காக இல்ல" என்றான்.

கைக்காகவும்தான் என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யும் இல்லை. அந்தத் தளத்தில் அவன் தையலைப்போல நேராகத் தையல் போட்டவர்கள் ஐந்து பேர்கூட இருக்க மாட்டார்கள். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அவனும் கரையேறியிருப்பான், நானும் ஏறியிருப்பேன்.

"உன் கை நல்ல கைதான்" என்றேன். "ஆனா உன்ன மொதல்ல எறக்குனது மூக்குக்காகத்தான்டா."

அவன் முகத்தில் தேடினேன். கோபமோ அழுகையோ, ஏதாவது ஒன்று. கன்னம் அசையவில்லை, உதடு அசையவில்லை. அந்த முகத்தில் எழுந்து வரக்கூடியதையெல்லாம் நான்தான் எடுத்துவிட்டேன். இப்போது என்னை மன்னித்தானா, வெறுத்தானா என்று அதிலிருந்து தெரிந்துகொள்ள எனக்கு வழியில்லை.

பேனாவைக் கேட்டான். இன்ஹோ எடுத்துக் கொடுத்தான். மேஜைமேல் குனிந்து அவன் தன் பெயரை எழுதி முடிக்க வெகுநேரம் ஆனது. முதல் எழுத்து அரிசியளவு இருந்தது, கடைசி எழுத்து எள்ளளவுகூட இல்லை.

கும்ஜா கியேசுனின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். கியேசுன் கையை இழுத்துக்கொள்ளவில்லை, அழுத்தவும் இல்லை. கல்யாணம் பேசியபடி மார்ச்சிலேயே இருக்கட்டும், பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்றாள். நாங்கள் கிளம்பியபோது ஜோங்பில் மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான். வேண்டாம், உட்கார் என்றேன். அவன் என் முன்னால் நேராகக் குனிந்தான்.

"போயிட்டு வாங்க, சம்பந்தி" என்றான்.

பதினெட்டு வருஷமாக அவன் வாயில் நான் அண்ணன். நானும் குனிந்து, "வர்றேன், சம்பந்தி" என்றேன்.

சோதாம் எங்களோடு கீழே கார் வரை வந்தாள். மாமாவுக்கு நடைப்பயிற்சி கொடுத்துவிட்டு பஸ்ஸில் வருவதாகச் சொன்னாள். கும்ஜா உள்ளே ஏறி உட்கார்ந்து முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். நான் கதவைத் திறந்துகொண்டு நின்றேன். துறைமுகப் பக்கமிருந்து காற்று பலமாக வீசியது. மகள் தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கியபடி, என் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"அப்பா, மண்டபத்துல நீங்க என் கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வர வேண்டாம். நானும் இன்ஹோவும் சேந்தே நடந்து வந்துடறோம். இப்பல்லாம் நெறைய பேர் அப்படித்தான் வர்றாங்க."

"சரிம்மா" என்றேன்.

அவள் திரும்பி, படிகளில் வேகமாக ஏறிப்போனாள்.